ஜொகூர் மண்ணில் வல்லாரை

வல்லாரையை அறியாத தமிழ் வீடு அரிது. நினைவாற்றல் பெருகும் என்று நம்பித் தேர்வுக் காலத்தில் அதனைத் துவையலாக அரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாய்மார் தமிழ்நாட்டிலும் உளர், யாழ்ப்பாணத்திலும் உளர், மலேசியாவிலும் உளர். ஆனால் ஜொகூர் மாநிலத்தில் அக்கீரை பெருகிய வரலாறு அடுக்களைக்குள் அடங்குவதன்று. காடு அழிந்த கதை அதில் உண்டு. அழிந்த காட்டின் இடத்தில் நிலம் வெட்டவெளியாகிய கதை உண்டு. அவ்வெளியை நாள்தோறும் கொத்திச் சுரண்டி வெளியாகவே வைத்திருந்த தமிழ்த் தொழிலாளரின் கதையும் உண்டு.

முருங்கையும் கறிவேப்பிலையும் தமிழரோடு கடல் கடந்து மலாயாவுக்கு வந்தவை. ஆதலின் வல்லாரையும் அவ்வாறே வந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. தோட்டப்புறத்து வாய்க்கால்களில் எல்லாம் அது படர்ந்து கிடந்ததும், தமிழ்ப் பெண்கள் அதனைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டு லயத்துக்குத் திரும்பியதும் அவ்வெண்ணத்துக்கு வலுவூட்டும். அவ்வெண்ணம் சரிதானா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

வல்லாரை நிமிர்ந்து நிற்கும் செடியன்று. தரையோடு தவழும் பூண்டு. ஓராண்டில் மடிவதும் அன்று; பல்லாண்டு வாழ்வது. அதன் தண்டு நூல்போல் நீண்டு ஓடும். ஓடும் வழியில் கணுத்தோறும் கீழே வேரும் மேலே இலைக்கொத்தும் விடும். இலை சிறுநீரக வடிவினது. விளிம்பில் சிறு பற்கள் போன்ற வெட்டுக்கள் அமைந்தது. பூவைக் கண்டவர் மிகச் சிலரே. இலைகளின் அடியில், தரையை ஒட்டினாற்போல், பெரும்பாலும் மும்மூன்றாக, செம்மையோ ஊதாவோ கலந்த நிறத்தில் கடுகளவே பூக்கும். குனிந்து இலையை விலக்கினாலன்றி அது கண்ணிற்படாது. கொத்தமல்லி, சீரகம், ஓமம், பெருஞ்சீரகம் ஆகியவை எந்தக் குடும்பமோ அதுவே வல்லாரையின் குடும்பமும். அவ்வுறவினர் பெரிதும் விதைக்காகப் போற்றப்பட, இஃது இலைக்காகப் போற்றப்படுகிறது.

அதற்கு வேண்டுவன இரண்டே: ஈரமும் வெளிச்சமும். வயல்வரப்பு, குளக்கரை, ஆற்றோரப் புல்வெளி, வாய்க்கால் ஓரம் ஆகியன அதன் இருப்பிடங்கள். நல்ல வெயிலில் காம்பு குட்டையாகவும் இலை சிறிதாகவும் தரையோடு ஒட்டிக்கிடக்கும். நிழல் விழுந்தால் காம்பு நீளும், இலை அகலும். இருட்டு மிகுந்த பெருங்காட்டினுள் அது வாழ்வதில்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் ஜொகூரில் அதன் வரலாறு எளிதில் விளங்கும்.

பெயர்கள் கூறும் சான்று

ஒரு மரமோ செடியோ வேற்று நாட்டிலிருந்து வந்ததாயின், அது தன் பெயரையும் உடன் கொண்டுவருவது பெரும்பான்மை. முருங்கையை மலாய்க்காரர் ‘மெருங்கை’ என்பர்; கறிவேப்பிலைக்குக் ‘காருபுலை’ என்னும் பெயர் மலாயில் வழங்கியது. இரண்டும் தமிழ்ச் சொற்களே என்பதற்கு விளக்கம் வேண்டா. வல்லாரைக்கோ மலாய்ப் பெயர் ‘பெகாகா’. அதில் தமிழின் சாயல் சிறிதும் இல்லை. சாவகத்தில் ‘காகான்-காகான்’, இந்தோனேசியாவின் பொது வழக்கில் ‘பெகாகான்’, சுந்தா மொழியில் ‘அந்தானான்’. முதல் மூன்றும் ஒரே குடும்பத்துச் சொற்கள் என்பது கேட்ட அளவிலேயே புலனாகும். தீவுக்கூட்டத்து மக்கள் தமக்குள்ளேயே பெயரிட்டு வழங்கிய பூண்டு அது.

இன்னொரு பெயரும் உண்டு. வல்லாரையைக் ‘குதிரைக்கால் இலை’ என்னும் பொருள்படத் ‘தாவுன் காக்கி கூடா’ என்றும் மலாயில் சொல்வர். பர்மியரும் ‘மியின் குவா’ என்கின்றனர். அதற்கும் குதிரைக் குளம்பு என்பதே பொருள். அம்போன் தீவில் வாழ்ந்து 1702 ஆம் ஆண்டில் அங்கேயே காலமான ரும்பியஸ் என்னும் அறிஞர், தாம் எழுதிய பெருநூலில் இப்பூண்டைக் ‘குதிரைக்கால்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் குறித்தார். அந்நூல் அச்சேறியது 1741 முதல் 1750 வரையான ஆண்டுகளில். தமிழ்த் தொழிலாளர் மலாயாத் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கீழைத் தீவுகளில் வல்லாரை பலரும் அறிந்த பூண்டாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இந்தியக் கரையிலும் அது பழைய குடியே. மலபாரின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய நாட்டு வைத்தியர்களின் துணையோடு தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பத்தாம் தொகுதியில் வல்லாரை ‘கொடகம்’ என்னும் மலையாளப் பெயரோடு படமாக இடம்பெற்றது. லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் சூட்டியபோது ‘ஐத்ரோகொடைலே ஏசியாட்டிக்கா’ என்றார். ஐத்ரோகொடைலே என்பதற்கு நீர்க்கிண்ணம் என்பது பொருள். 1879 ஆம் ஆண்டில் உர்பன் என்னும் செருமானியர் அதனை வேறு பேரினத்துக்கு மாற்றிச் ‘செந்தெல்லா ஏசியாட்டிக்கா’ ஆக்கினார். அப்பெயரே இன்றும் நிலைத்துள்ளது. பேரினம் மாறியும் ‘ஏசியாட்டிக்கா’ என்னும் அடைமொழி மாறவில்லை. ஆசியாவுக்கு உரியது என்று அன்றே கண்டனர். எந்த நாட்டுக்கு என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. தமிழகம், ஈழம், மலாயா, சாவகம் யாவும் அதன் தாயகமே.

ஆகவே வல்லாரையைத் தமிழர் ஜொகூருக்குக் கொண்டுவரவில்லை. வந்த இடத்தில் கண்டு, இது நம் ஊர்க் கீரையன்றோ என்று அறிந்துகொண்டனர். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்க்கு, அறிமுகமில்லாத காட்டோரத்தில் காலடியில் ஓர் அறிந்த முகம் தென்பட்டது சிறிய செய்தியன்று.

வல்லாரை என்னும் தமிழ்ப் பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல இடமுண்டு. ‘வல்லார்’ என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்து ‘வல்லாரை’ ஆயிற்று என்று வகுப்பறையில் வேடிக்கையாகப் பிரிக்கலாம். கற்று வல்லாரை ஆக்கும் கீரை என்று பொருளும் சொல்லலாம். மாணவர் மகிழ்வர். ஆனால் அது சொல்லாராய்ச்சி ஆகாது. ஈர நிலத்தில் படரும் மற்றொரு கீரைக்கு ‘ஆரை’ என்று பெயர். வண்டிச் சக்கரத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் கால்களையும் ஆரைக்கால் என்பது தமிழ் வழக்கு. ஆரைக்கீரையின் நான்கு இலைத்துண்டுகள் காம்பின் முனையில் குறுக்கும் நெடுக்குமாக விரிகின்றன. வல்லாரை இலையின் நரம்புகளும் காம்பு முனையிலிருந்து ஆரைக்கால்போல் விரிகின்றன. எனவே ‘வல்’ என்னும் அடைபெற்ற ஆரையே வல்லாரை என்று கொள்வது பொருந்தும் போலும்.

வடமொழிப் பெயர்களால் நேரும் மயக்கமும் குறிப்பிடத்தக்கது. ‘மண்டூகபரணி’ என்று வல்லாரைக்குப் பெயர்; தவளைபோன்ற இலையுடையது என்பது பொருள். ‘பிராமி’ என்ற பெயரையோ வட இந்தியாவில் பலர் வல்லாரைக்கு வழங்குவர். கேரளத்தில் நீர்ப்பிரமிக்கே வழங்குவர். இரண்டும் ஈர நிலப் பூண்டுகள். இரண்டும் நினைவுக்கு நல்லவை எனப்படுபவை. ஆயினும் குடும்பம் வேறு, குணம் வேறு. கடையில் பிராமி என்று கேட்டு வாங்குவோர் எதனைப் பெறுகின்றனர் என்பது கடைக்காரரைப் பொறுத்தது.

நிலம் திறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூர் பெரும்பாலும் காடு. மக்கள் ஆற்று முகத்துவாரங்களிலும் கடற்கரையிலும் வாழ்ந்தனர். வல்லாரைக்குக் கிடைத்த இடமும் அவ்வளவே: ஆற்றோரத்துப் புல் திட்டு, கம்பத்து முற்றம், எருமை புரளும் சேறு, பூர்வகுடிகளின் நடைபாதை ஓரம்.

1844 ஆம் ஆண்டு முதல் தெமெங்கோங் இப்ராகிம் சீனத் தலைவர்களுக்கு ஆற்றுப் பட்டயங்கள் வழங்கத் தொடங்கினார். ஓர் ஆற்றின் கரையைத் திருத்திக் காம்பீரும் மிளகும் பயிரிடும் உரிமை அப்பட்டயத்தால் கிடைக்கும். உரிமை பெற்ற தலைவன் ‘காங்சூ’ எனப்பட்டான். அவனது குடியிருப்பு ‘காங்கார்’ எனப்பட்டது. காங்கார் பூலாய் முதலிய ஊர்ப்பெயர்கள் அக்காலத்தின் எச்சம். காம்பீர் இலையைக் கொதிக்க வைத்தே சாயப் பொருளை எடுக்க வேண்டும். அதற்கு விறகு ஓயாது வேண்டும். பயிரிட்ட நிலத்தின் அளவுக்குக் காடு விறகாயிற்று. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். பின்னர் அந்நிலத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவர். 1855 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தஞ்சோங் பூத்திரி 1866 ஆம் ஆண்டில் ஜொகூர் பாரு என்று பெயர் பெற்றபோது, அதன் செல்வம் பெரிதும் காம்பீரிலிருந்தும் மிளகிலிருந்தும் வந்ததே. காங்சூ முறை 1917 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

மேற்குக் கரையிலோ வேறொரு வகைத் திறப்பு நிகழ்ந்தது. சாவகரும் பஞ்சாரியரும் பூகிசு மக்களும் மூவார், பத்து பகாட், பொந்தியான் சதுப்புகளில் நீண்ட வடிகால்களை வெட்டித் தென்னையும் கமுகும் வைத்தனர். வடிகாலுக்கு மலாயில் ‘பாரிட்’ என்று பெயர். பாரிட் ஜாவா, பாரிட் ராஜா, பாரிட் சூலோங் என்ற ஊர்ப்பெயர்களைப் படிக்கும்போது வாய்க்காலும் ஈரமண்ணும் கண்முன் நிற்கின்றன. வல்லாரைக்கு இதனினும் ஏற்ற நிலம் வேறு எது?

பின்னர் வந்தது இரப்பர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக 1888 முதல் 1912 வரை இருந்த ரிட்லி, கண்டவரிடமெல்லாம் இரப்பர் விதைகளைத் திணித்துப் பயிரிடச் சொன்னதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று எள்ளப்பட்டவர். அவரே மலாயாவின் காட்டுச் செடிகளை ஐந்து தொகுதிகளில் விரித்தெழுதி 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். காட்டை அகற்றிய பயிரை நாட்டுக்குப் பழக்கியவரும், அக்காட்டின் செடிகளை ஏட்டில் ஏற்றியவரும் ஒருவரே ஆனது விந்தை. அவருக்குப் பின் அப்பதவியில் அமர்ந்த பர்க்கில் 1935 ஆம் ஆண்டில் வெளியிட்ட மலாயாப் பொருளாதாரத் தாவர அகராதியில் வல்லாரைக்கும் இடம் உண்டு.

1909 ஆம் ஆண்டில் கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இருப்புப்பாதை முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் எனப் பாதையின் இருபுறமும் தோட்டங்கள் எழுந்தன. தமிழர் பெருந்தொகையாக ஜொகூருக்குள் வந்த காலம் இது.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். பெருமரங்களை வெட்டிச் சாய்த்தவர் பெரும்பாலும் சீனரும் சாவகரும் மலாய்க்காரருமே. அது குத்தகை வேலை. வெட்டி எரித்த நிலத்தில் காடு மீண்டும் தலையெடுக்காமல் காத்தது தமிழர் வேலை. வெப்பமும் மழையும் மிக்க அந்நாட்டில் கைவிட்ட நிலம் சில ஆண்டுகளில் புதராகிவிடும். களை வெட்டியும், வடிகால் தோண்டியும், சாலையோரத்துப் புல்லைச் செதுக்கியும், தண்டவாளத்து ஓரங்களைத் துப்புரவு செய்தும் அந்நிலத்தைத் திறந்த நிலமாகவே நிறுத்தியவை தமிழ்க் கைகள். ஈரமும் வெளிச்சமும் வேண்டிய வல்லாரைக்கு மாநிலம் முழுவதும் இடம் உண்டாக்கியதில் அக்கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

களையா, கீரையா?

தொடக்க காலத் துரைமார்க்கு இரப்பர் மரத்தடியில் ஒரு புல்லும் இருத்தல் ஆகாது. தரை வீட்டு முற்றம்போல் இருந்தால்தான் தோட்டம் நன்றாக நடக்கிறது என்று கம்பெனிப் பங்காளர் நம்புவர். விடியுமுன் பிரட்டில் பெயர் கொடுத்து, கங்காணி காட்டிய நிரையில் குனிந்து நின்று, மாதந்தோறும் அதே நிலத்தைச் சுரண்டுவது களை வெட்டுவோரின் பணி. அவருள் பெண்கள் பலர். ஆண்களினும் குறைந்த கூலி பெற்றவர். துரையின் கணக்கில் வல்லாரையும் ஒரு களையே. அதனை வெட்டியெறிவதற்கே கூலி. வெட்டிய பெண்ணின் கணக்கிலோ அது மாலைக் கறி. ஒரே பூண்டு ஒரே கையில் காலையில் களையாகவும் மாலையில் கீரையாகவும் இருந்தது.

இதில் ஒரு நயம் உண்டு. வல்லாரையை மண்வெட்டியால் ஒழிக்க முடியாது. தண்டைத் துண்டு துண்டாக வெட்டினால், கணுவுள்ள ஒவ்வொரு துண்டும் ஈரமண்ணில் வேர்பிடித்துத் தனிப் பூண்டாகிவிடும். கொத்தக் கொத்தப் பெருகும். கீரை வேண்டுமென்று எவரும் விதைக்கவில்லை. களை வேண்டாமென்று கொத்தியதே நாற்று நட்டதுபோலாயிற்று.

சுரண்டிய தரையின் மேல்மண்ணை மழை வாரிக்கொண்டு போனது. மலாயா இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925 ஆம் ஆண்டில் அமைந்தபின் இக்கேடு ஆராயப்பட்டது. இயற்கையாக முளைக்கும் பூண்டுகளை முற்றும் அழிக்காமல், தீயவற்றை மட்டும் நீக்கி மற்றவற்றை விட்டுவைப்பதே மண்ணுக்கு நல்லது என்று அக்கழகத்து அறிஞர் ஹெயின்ஸ் 1934 ஆம் ஆண்டில் தனிநூலாகவே எழுதினார். இரப்பர் விலை வீழ்ந்து கிடந்த காலம் அது. களை வெட்டும் செலவைக் குறைக்கத் தோட்டங்களும் வழி தேடிக்கொண்டிருந்தன. ஏராளமான தமிழர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் அவ்வாண்டுகளிலேயே. களைக்குக் கிடைத்த மன்னிப்பு களை வெட்டியவர்க்குக் கிடைக்கவில்லை.

லயத்தில் வல்லாரையைத் துவையலாக அரைத்தனர். பருப்போடு சேர்த்துக் கடைந்தனர். கிராணி வீட்டில் வேறு முறை. கணக்கர் வேலைக்கும் இருப்புப்பாதை வேலைக்கும் வந்தவருள் யாழ்ப்பாணத்தார் பலர். பச்சை வல்லாரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சஞ்சாறு சேர்த்துச் சம்பலாக்குவது அவர் வழக்கம். கம்பத்து மலாய்க்காரர் அதனைப் பச்சையாக உலாம் எனக் கடித்துக்கொள்வர். தேங்காய் சேர்த்துக் கெராபு என்றும் பிசைவர். யாழ்ப்பாணத்துச் சம்பலும் கம்பத்துக் கெராபும் அருகருகே வைத்தால் உடன்பிறந்தவைபோலத் தோன்றும். அதில் வியப்பில்லை. சம்பல் என்னும் சொல்லே மலாய், சாவக மொழிகளின் வழியாக இலங்கைக்கு வந்தது என்பர். அங்குத் தமிழாகி, கிராணிமாரின் அடுக்களையோடு மீண்டும் கடல் கடந்து புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது அச்சொல். ஊர்ச் சீனரோ அதனை ‘இடித்தேவன் வேர்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்து, உடற்சூடு தணியச் சாறாக்கிக் குடிப்பர்.

1942 முதல் 1945 வரையான சப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி அரிதாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆண்கள் சயாம் இருப்புப்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், பலர் மீளவில்லை. எஞ்சியவர் மரவள்ளியையும் கைக்கு எட்டிய கீரைகளையும் நம்பி உயிர் தரித்தனர்.

புதுச்சேரியிலிருந்து ஒரு சொல்

வல்லாரையை மருந்தாக உலகம் அறிந்த வரலாற்றில் ஒரு தமிழ்ச்சொல் ஒளிந்திருக்கிறது. 1852 ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவில் பொவாலோ என்னும் பிரெஞ்சு மருத்துவர், தொழுநோய்க்கு வல்லாரை பயன்படும் என்று தெரிவித்தார். அச்செய்தி புதுச்சேரிக்கு எட்டியது. அங்கிருந்த கடற்படை மருந்தாளர் லெப்பீன் 1855 ஆம் ஆண்டில் பூண்டை ஆராய்ந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்கு ‘வெல்லாரின்’ என்று பெயரிட்டார். அவர் காதில் விழுந்த வல்லாரை என்னும் தமிழ்ச்சொல்லே அவ்வுருவம் கொண்டது. அதே காலத்தில் சென்னைத் தொழுநோய் மருத்துவமனையில் ஹண்டர் என்பார் நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தார். 1868 ஆம் ஆண்டின் இந்திய மருந்து நூலில் அது இடம்பெற்றது.

வெல்லாரின் என்ற பெயர் நிலைக்கவில்லை. 1941 ஆம் ஆண்டில் போந்தெம்ஸ் என்பவர் மடகாசுகரில் வளர்ந்த வல்லாரையிலிருந்து தூய பொருளைப் பிரித்து ‘ஏசியாட்டிக்கோசைடு’ என்று பெயரிட்டார். அதன் வழிப்பொருள்களைத் தொழுநோய்க்குப் பயன்படுத்தும் ஆய்வு 1949 ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் 1941 ஆம் ஆண்டில் தொடங்கிய சல்போன் மருந்துகள் தொழுநோயை உண்மையாகவே அடக்கின. மலாயாவில் 1930 ஆம் ஆண்டு முதல் இயங்கிய சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பிலும், முன்பு கொடுத்த நீரடிமுத்து இன எண்ணெய்க்குப் பதிலாகப் பின்னர் சல்போனே வந்தது. வல்லாரைக்கு மிஞ்சியது புண் ஆற்றும் பணி. ஏசியாட்டிக்கோசைடு சேர்ந்த களிம்புகள் இன்றும் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன.

நினைவாற்றல் பற்றி என்ன சொல்வது? சித்த மருத்துவர் அதனைக் கற்ப மூலிகைகளுள் ஒன்றாகப் போற்றுவர். ஆயினும் அதுவரை மக்களிடம் நடத்திய சோதனைகளைத் தொகுத்துத் தாய்லாந்து ஆய்வாளர் 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அறிவுத்திறனைப் பெருக்குகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்றும், மனம் விழிப்புறுவதற்கும் சினம் தணிவதற்கும் அது துணையாகலாம் என்றும் முடிவு கூறியது. விழிப்பும் சினமின்மையும் வகுப்பறைக்குப் போதாதவை என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார்.

வாய்க்காலில் நஞ்சு

ஜொகூரில் வல்லாரையின் நிலை மாறியது மண்வெட்டியால் அன்று, மருந்தால். லாலாங்கையும் பிற களைகளையும் அழிக்கச் சோடியம் ஆர்சனைட்டு என்னும் நஞ்சைத் தோட்டங்களில் தெளித்துவந்தனர். 1960களுக்குப் பின் பாராகுவாட்டு முதலிய களைக்கொல்லிகள் பரவின. களை வெட்டிய பெண்ணே முதுகில் தகரத்தைச் சுமந்து மருந்தடிக்கும் பெண் ஆனாள். வெட்டிய களையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மருந்தடித்த களையைக் கொண்டுபோக முடியாது. நூறு தலைமுறையாகக் கண்ணால் அறிந்து பறித்த கீரையை, இந்த வாய்க்காலில் என்றைக்கு மருந்தடித்தார்கள் என்று கேட்டறிந்து பறிக்க வேண்டிய நிலை வந்தது. பாராகுவாட்டு மலேசியாவில் முற்றும் தடைசெய்யப்பட்டது 2020 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள்தான்.

நிலமும் மாறியது. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. 1956 ஆம் ஆண்டில் தோன்றிய பெல்டா நிறுவனம் ஜொகூரில் பல குடியேற்றங்களை அமைத்தது. 1972 ஆம் ஆண்டில் தென்கிழக்கு ஜொகூரின் மேம்பாட்டுக்கெனத் தனி வாரியமே ஏற்பட்டது. கோர்னர் என்னும் தாவர அறிஞர் 1930களில் சிடிலி, மாவாய்ப் பகுதிச் சதுப்புக் காடுகளில் செடி திரட்டியவர். அவற்றைப் பற்றிய அவருடைய நூல் 1978 ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அக்காடுகளுள் பெரும்பகுதி அழிந்திருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. லயத்து மக்கள் நகர்ப்புறத் தாமான்களுக்குப் போயினர். ஜொகூரில் உள்ள சுமார் 70 தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்டத்தில் பிறந்து இன்று தோட்டமில்லாத இடத்தில் நடப்பவை.

வல்லாரை அழியவில்லை, அழியக்கூடியதும் அன்று. பள்ளித் திடலின் தாழ்ந்த ஓரத்திலும், சாலையோரப் புல்லிலும் அது கிடக்கிறது. புல்வெட்டும் பொறி மேலே ஓடினாலும் தரையோடு ஒட்டிய தண்டு தப்பிவிடும். ஆனால் சாலையோரத்து வல்லாரை சமையலுக்கு ஆகாது. மண்ணிலுள்ள ஈயம் முதலிய உலோகங்களை அது தன்னுள் ஏற்றுக்கொள்வதை மலேசிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர். வேரில் மிகுதியாகவும் இலையில் குறைவாகவும் அவை சேர்கின்றன. மண்ணின் தூய்மையைச் சோதிக்கவே அதனைப் பயன்படுத்தலாம் என்பது அவர்தம் கருத்து.

இன்று பசாரில் விற்கும் பெகாகா பெரும்பாலும் பாத்தி கட்டிப் பயிரிட்டது. வாங்குவோர் ஒன்றைக் கவனித்தல் நன்று. ‘பெகாகா எம்புன்’ என்று ஒன்று உண்டு. அது மிகச் சிறிய இலையுடைய வேறு பூண்டு. அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் அமெரிக்க இனம் ஒன்றையும் சிலர் வல்லாரை என்றே கருதுகின்றனர். அதன் இலை குடைபோல் முழு வட்டமாக இருக்கும். காம்பு இலையின் நடுவில் பொருந்தியிருக்கும். வல்லாரை இலைக்கோ காம்பு சேருமிடத்தில் ஒரு பிளவு உண்டு. கட்டோடு வாங்கிய கீரையில் இலையைக் கிள்ளிக்கொண்டு, வேருள்ள கணுக்களைத் தொட்டியில் ஊன்றி ஈரமும் வெயிலும் காட்டினால் சில வாரங்களில் மீண்டும் பறிக்கலாம். தாமான் வீடுகளின் பின்கட்டிலும் அடுக்குமாடி மாடங்களிலும் இப்போது வல்லாரை வளர்வது இவ்வாறே.